கச்சான் காற்றும் வெறுந்தேத்தண்ணியும்

2024 ஜூன் 15, மாலை. களுவாஞ்சிகுடி வாசகர் ஒருவரின் கேள்வி

பால் போடாத தேத்தண்ணியில் அப்படி என்ன இருக்கிறது? எங்கள் கந்தோரில் மூன்று பேர் இந்தக் கச்சான் (தென்மேற்கிலிருந்து வருகிற அனல் காற்று) வெக்கையிலும் நாளுக்கு ஐந்து தரம் பிளேன்ரீ குடிக்கிறார்கள். கேட்டால் அதுதான் தேத்தண்ணி என்கிறார்கள். எனக்கு நாக்கில் கசப்பும் தொண்டையில் வறட்சியும்தான் மிச்சம். பால்மா கிடைக்காத காலத்தில் வேறு வழியில்லாமல் குடித்தோம், சரி. இப்போது எதற்கு? உண்மையாகவே விரும்பிக் குடிக்கிறவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

ஜூன் 15, இரவு 9.40. செங்கலடியிலிருந்து

நான் விரும்பித்தான் குடிக்கிறேன். 48 வயது வரைக்கும் தொட்டதில்லை. இப்போது 50. காலையில் ஒன்று, வேலை பார்க்கிற நெல் ஆலையில் பத்து மணிக்கு ஒன்று, பின்னேரம் ஒன்று.

எங்கள் வீட்டில் வெறுந்தேத்தண்ணி என்றால் செத்த வீட்டு நினைப்புத்தான் வரும். பந்தலுக்குள் பிளாஸ்டிக் கதிரையில் இருந்தால் ஒரு பெடியன் தட்டத்தைக் கொண்டுவந்து நீட்டுவான், கறுப்பாக ஒரு கிளாஸ். அப்பா செத்த நாளில் முழு இரவும் அதைத்தான் எல்லோரும் குடித்துக்கொண்டிருந்தார்கள். நான் ஒரு வாய் வைத்துவிட்டுக் கதிரைக்குக் கீழே வைத்தேன். அதற்குப் பிறகு அந்த மணமே ஆகாது. வீட்டில் எப்போதும் பால்மா இரண்டு கரண்டி, சீனி இரண்டரைக் கரண்டி, தேயிலை பேருக்குக் கொஞ்சம். அதைத் தேத்தண்ணி என்று இத்தனை வருடம் சொல்லி வந்தேன்.

2022 மார்ச்சில் 400 கிராம் பால்மாப் பெட்டி 790 ரூபாய் ஆனது. அந்த விலைக்கும் கடையில் இல்லை. நான் தேத்தண்ணியையே விட்டேன், சுடுதண்ணீர் குடித்தேன். ஜூனில் பெற்றோல் வரிசை. செங்கலடிக்கும் ஏறாவூருக்கும் நடுவில் மோட்டார்சைக்கிளோடு இரண்டு இரவு கிடந்தோம். இரண்டாம் நாள் விடியப்புறம் ஏறாவூர்க் காக்கா (முஸ்லிம் அண்ணர்) ஒருவர், வயது எழுபது இருக்கும், பெரிய அலுமினியக் கேத்திலைச் சைக்கிள் ஹாண்டிலில் தொங்கவிட்டுக்கொண்டு வந்தார். வரிசையில் நின்ற எல்லாருக்கும் ஊற்றினார். காசு வாங்கவில்லை. "சீனி இல்ல தம்பி, இதக் கடிச்சிக் கடிச்சிக் குடிங்க" என்று கித்துள் கருப்பட்டியில் ஒரு சின்னத் துண்டை உள்ளங்கையில் வைத்தார்.

இரவு முழுக்க நுளம்புக் கடி, வயிற்றில் ஒன்றுமில்லை. குடித்தேன். முதலில் இஞ்சி. பிறகு நாக்கின் இரண்டு ஓரமும் நாவற்பழம் தின்றது மாதிரி இறுகிப் பிடித்தது. அந்தப் பிடிப்பு விடும்போது கருப்பட்டியைக் கடித்தால் இனிப்பு இரண்டு மடங்காகத் தெரிந்தது. திரும்ப ஒரு வாய், திரும்ப அதே பிடிப்பு. கிளாஸ் முடிந்ததும் இன்னொன்று கேட்டேன். கூச்சமாகத்தான் இருந்தது, ஆனாலும் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டு ஊற்றினார்.

களுவாஞ்சிகுடிக்காரருக்கு ஒன்று: நீங்கள் சொல்வது கசப்பு அல்ல, துவர்ப்பு. நம்மிடம் அதற்குத் தனிச் சொல்லே இருக்கிறது, அறுசுவையில் ஒன்று. வாழைப்பூ, நாவற்பழம், பாக்கு எல்லாம் அந்தச் சுவைதான். நாம் பாக்குத் தின்கிற ஊர்க்காரர். அதைத் தேத்தண்ணியில் மட்டும் ஏன் வெறுக்க வேண்டும்?

செய்முறை கேட்டால்: ஒரு கிளாஸ் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டித் தூள், ஐந்து நிமிடம் நன்றாகக் கொதிக்கவிட்டு வடியுங்கள்.

ஜூன் 16, காலை

நேற்றிரவு எழுதிய செய்முறை பிழை. நித்திரை தூக்கத்தில் அம்மா செய்கிற முறையை எழுதிவிட்டேன். தேயிலையைப் போட்டுக் கொதிக்க வைக்கவே கூடாது. கொதிக்கக் கொதிக்க வைத்தால் துவர்ப்பு முழுக்க இறங்கிக் கசப்பும் சேர்ந்துவிடும். களுவாஞ்சிகுடிக்காரரின் கந்தோரில் அப்படித்தான் செய்கிறார்கள் என்று நினைக்கிறேன், கேட்டுப் பாருங்கள். பால்மா போடுகிறவர்களுக்கு அது பரவாயில்லை, பாலில் உள்ள புரதம் துவர்ப்பைப் பிடித்து அடக்கிவிடும். அதனால்தான் நம் ஆட்கள் சாயம் கடுமையாக இறக்கப் பழகியிருக்கிறார்கள். பாலை எடுத்துவிட்டு அதே சாயத்தைக் குடித்தால் யாருக்கும் பிடிக்காது.

தண்ணீர் தளதளவென்று கொதித்தவுடன் அடுப்பை நிறுத்துங்கள். பேணியில் தூளைப் போட்டு அதன்மேல் ஊற்றி மூடுங்கள். தூள் தேயிலை என்றால் இரண்டரை, மூன்று நிமிடம். கொஞ்சம் பெரிய இலை என்றால் நான்கு. வடித்துவிடுங்கள், தூள் உள்ளே கிடக்கக் கூடாது.

ஜூன் 16, மாலை

அக்கரைப்பற்றுச் சகோதரி ஒருவர், எங்கள் வீட்டில் சீனியை உள்ளங்கையில் கொட்டி நாக்கால் தொட்டுத் தொட்டுக் குடிப்பார்கள், அதைப் பட்டிக்காட்டுப் பழக்கம் என்று கொழும்பில் சிரித்தார்கள் என்று எழுதியிருக்கிறார். சகோதரி, அதை விடாதீர்கள். சீனியைக் கரைத்துவிட்டால் முதல் வாயும் கடைசி வாயும் ஒன்றுதான். தொட்டுக் குடித்தால் ஒவ்வொரு வாயும் வேறு. சீனியும் பாதிதான் முடியும்.

ஜூன் 22

இது தண்ணீர் பற்றி. நீளமாகத்தான் வரும்.

போன ஞாயிறு கல்லடியில் தங்கச்சி வீட்டுக்குப் போனேன், என் தேயிலையையும் கொண்டுதான் போனேன். அதே தூள், அதே கரண்டி, அதே மூன்று நிமிடம். வந்தது வேறொன்று. நிறம் கறுத்து மண்டியாக இருந்தது, மேலே மெல்லிய ஆடை மாதிரி ஒன்று மிதந்தது. கரண்டியால் தொட்டால் அது கண்ணாடித் துண்டு மாதிரி உடைந்து விலகுகிறது, கொஞ்ச நேரத்தில் திரும்பச் சேருகிறது. மணம் எதுவுமில்லை. மச்சான் குடித்துவிட்டு, "இதுக்காடா ரெண்டு வருசமா இவ்வளவு கதைச்சனீ?" என்றார்.

கிணற்றுத் தண்ணீர்தான் காரணம். கடலுக்கும் வாவிக்கும் நடுவில் உள்ள மணல் நிலம் அது. கிணறு ஆழமில்லை, தண்ணீரில் சுண்ணாம்பு கூட. கேத்திலுக்குள் வெள்ளையாகப் படிகிறதே, அதே சுண்ணாம்பு தேயிலைச் சாயத்தோடு சேர்ந்துதான் அந்த ஆடை உண்டாகிறது. நான் அரைத் தேசிக்காயைப் பிழிந்தேன். கண்ணுக்கு முன்னே கறுப்பு வெளுத்துச் செம்மஞ்சளாகி ஆடையும் கரைந்தது. மருமகள் இன்னொரு தரம் செய்து காட்டச் சொல்லிப் பிடிவாதம் பிடித்தாள். மூன்று தரம் செய்தோம், மூன்று தேசிக்காய் முடிந்தது.

பிறகு குழாய்த் தண்ணீரில் போட்டோம். அது உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர், சுத்திகரித்து வருவது. கிணற்றை விட நல்லது, ஆனால் குளோரின் மணம் இருந்தது. ஒரு பானையில் இரவு திறந்து வைத்துவிட்டு மறுநாள் காலையில் அதைக் கொதிக்க வைத்தால் மணம் பெரும்பாலும் போய்விடுகிறது. செங்கலடியில் எங்கள் கிணறு இரண்டுக்கும் நடுத்தரம். நான் விரும்பிக் குடித்ததற்கு இந்தக் கிணறும் ஒரு காரணமாக இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. கல்லடியில் பிறந்திருந்தால் அந்தப் பெற்றோல் வரிசைக்குப் பிறகு வீட்டில் போட்டுப் பார்த்துவிட்டு விட்டிருப்பேன்.

மழைத் தண்ணீரில் எப்படி இருக்கும் என்று காத்தான்குடி நண்பர் கேட்கிறார். மாரிக்குப் பார்ப்போம். இப்போது வானத்தில் ஒரு துண்டு மேகமில்லை.

ஜூலை 3

எந்தப் பெட்டி வாங்குவது என்று நாலு பேர் கேட்டிருக்கிறீர்கள். பெட்டியில் பி.ஓ.பி. (புரோக்கன் ஒரேஞ்ச் பெக்கோ) என்று போட்டிருந்தால் அதுதான் உயர்ந்த தரம், அதை வாங்குங்கள். டஸ்ட் என்றால் கூட்டி அள்ளியது, வேண்டாம்.

ஜூலை 4

மேலே உள்ளதை நம்பவேண்டாம். பதுளை அக்காவிடம் நல்ல பேச்சு வாங்கினேன். அவவைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

பி.ஓ.பி. என்பது துணிக்கையின் அளவு. அரைத்து உலர்த்திய தேயிலையைச் சல்லடையில் சலித்துப் பெரியது, நடுத்தரம், சின்னது, ஆகச் சின்னது என்று பிரிக்கிறார்கள். ஆகச் சின்னதுதான் டஸ்ட். தரையில் கூட்டியது என்பது ஊர்க் கதை. அதே மலையில், அதே நாளில் பறித்த அதே கொழுந்துதான். சின்னத் துணிக்கை சீக்கிரம் சாயம் விடும், கடுமையாக இருக்கும், ஆகவே தேத்தண்ணிக் கடைக்கு அதுதான் சரி. நல்ல மலையில் வந்த டஸ்ட், கெட்ட மலையில் வந்த பி.ஓ.பி.யை விட எவ்வளவோ மேல். அக்கா சொன்ன வார்த்தை: "தூளப் பாக்காதீங்க தம்பி, மலயக் கேளுங்க."

ஒரேஞ்ச் பெக்கோ என்ற பெயரைப் பார்த்துத் தோடம்பழ மணம் வரும் என்று நினைத்து வாங்கிய வாழைச்சேனை நண்பருக்கும் இதே பதில். அதுவும் இலையின் அளவுக்குச் சொல்கிற பெயர்தான். தோடம்பழம் அதில் இல்லை.

பச்சைத் தேயிலை வேறு செடியா என்ற கேள்விக்கு: ஒரே செடி. பறித்த கொழுந்தை வாட்டி, உருட்டி, காற்றுப்பட விட்டுக் கறுக்க வைத்தால் நாம் குடிக்கிற தேயிலை. கறுக்க விடாமல் உடனே சூடு காட்டி நிறுத்தினால் பச்சைத் தேயிலை. வெட்டின வாழைக்காய் கறுக்கிறதே, அந்த மாதிரி ஒரு மாற்றம்தான்.

ஜூலை 20

தேயிலைத் தகரத்தைக் கருவாட்டு டப்பாவுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். மூடி சரியாக இறுகவில்லை, ஒரு கிழமைதான். இன்று காலைத் தேத்தண்ணியில் கட்டாக் கருவாடு மணத்தது. கால் கிலோ தூளையும் கொட்ட மனமில்லாமல் முற்றத்து ரோசாச் செடிக்குப் போட்டேன்.

தேயிலை பக்கத்தில் உள்ள எந்த மணத்தையும் உறிஞ்சிக்கொள்ளும். சீனாவில் மல்லிகைப் பூவைத் தேயிலையோடு சேர்த்து வைத்து மணம் ஏற்றுவது இந்தக் குணத்தை வைத்துத்தான். நம் குசினியில் மல்லிகை இல்லை, கருவாடும் பெருங்காயமும்தான். இறுக்கமான தகரம், தனி இடம்.

ஓகஸ்ட் 11, காலை

இன்று இன்னொரு பிரச்சினை. கொஞ்சம் கோபமாகவும் இருக்கிறது. பதுளை அக்காவின் தங்கச்சி மகள் பசறைப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் இருக்கிறாள். அங்கே ஸ்டோர் (தேயிலைத் தொழிற்சாலை) வாசலில் விற்கிற தேயிலையில் அரைக் கிலோ வாங்கி அனுப்பியிருந்தாள், அக்கா அதில் பாதியை எனக்குத் தந்தா. நேற்று இரவு புதுத் தகரத்தில் போட்டு, கருவாட்டு அலுமாரிக்கு எதிர்ப்பக்கத்தில் வைத்தேன். இன்று காலை ஊற்றினால் மூட்டு நோவுக்குப் பூசுகிற தைலம் மணக்கிறது! அம்மாவின் தைலப் போத்தல் எங்கே இருந்தது என்று வீடு முழுக்கக் கேட்டுவிட்டேன். யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. மனைவி பேசாமல் எழும்பிப் போய்விட்டா.

ஓகஸ்ட் 12

நேற்று எழுதியதை அழிக்கலாமா என்று யோசித்தேன். அழிக்கவில்லை, இருக்கட்டும். மனைவியிடமும் அம்மாவிடமும் மன்னிப்புக் கேட்டாயிற்று.

நடந்தது இதுதான். பின்னேரம் அந்தத் தகரத்தைத் தூக்கிக்கொண்டு அக்காவிடம் போனேன். அவ மூடியைத் திறந்து மூக்குக்கிட்டே வைத்துவிட்டுக் கண்ணை மூடினா. கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னா: "தைலம் இல்ல தம்பி. இது கச்சான் அடிக்கிறப்ப வர்ற வாசம். ஆடி மாசத்துக் கொழுந்து. இந்த மாதிரி எனக்குக் கெடச்சு எத்தன வருசம்."

அக்கா சொன்னதையும், அதற்குப் பிறகு நான் தேடிப் படித்ததையும் சேர்த்து எழுதுகிறேன். வைகாசியிலிருந்து தென்மேற்குக் காற்று இலங்கையின் மேற்குப் பக்கம் மழையோடு வந்து மோதுகிறது. திம்புளைப் பக்கம் மழை கொட்டும். மலையில் ஏறும்போதே ஈரத்தைக் கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் ஊவா மலைகளில் காய்ந்த காற்றாக இறங்குகிறது. ஜூலை, ஓகஸ்ட், செப்டெம்பரில் பதுளை, பசறை, அப்புத்தளைப் பக்கம் தேயிலைச் செடி அந்தக் காற்றில் வாடும். தளிர் மெல்ல வளரும், சின்னதாக இருக்கும். அந்த வாட்டத்தில் இலைக்குள் மணப்பொருள்கள் கூடுகின்றன. அதில் ஒன்று மெத்தில் சாலிசிலேட். மூட்டு நோவுத் தைலத்தில் உள்ளதும் அதுவேதான். ஆகவே என் மூக்குச் சரி, நான் போட்ட பழிதான் பிழை. உலகத்தில் தேயிலை வாங்குகிறவர்கள் ஊவாத் தேயிலைக்கு இந்த மூன்று மாதத்துக்காகக் காத்திருக்கிறார்கள்.

அதே காற்று இன்னும் கீழே இறங்கி, மகா ஓயா தாண்டி, கரடியனாறு தாண்டி இங்கே வருகிறது. நாம் சபிக்கிற கச்சான் அதுதான். உதடு வெடிக்கிறது, வெளியே காயப்போட்ட சாரம் அரை மணித்தியாலத்தில் பலகை மாதிரி விறைக்கிறது, ஆலையில் உமி பறந்து கண்ணைத் திறக்க முடியாது. பெத்தப்பா காலத்தில் சிறுபோக நெல்லைத் தூற்ற இந்தக் காற்றைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்களாம், அந்த ஒரு நன்மையைத் தவிர இதைப் பற்றி நல்ல வார்த்தை நான் கேட்டதில்லை. நேற்றுத் திண்ணையில் அந்த அனலுக்கு நடுவில் இருந்துகொண்டுதான் அந்தக் கிளாஸைக் குடித்தேன். மேலே அந்தக் கொழுந்தை வாட்டிவிட்டு வந்த காற்று முகத்தில் அடித்தது. கையில் கிளாஸ். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது, மெய்யாகவே.

நான் ஐம்பது வருடமாகப் பதுளை வீதியின் முனையில் இருக்கிறேன். செங்கலடிச் சந்தியில் திரும்பும் அந்த வீதி நேரே பிபிலை, லுணுகலை, பசறை என்று ஏறிப் பதுளைக்குப் போகிறது. அந்த வீதியால் வந்ததை எல்லாம் பார்த்திருக்கிறேன்: நெல், விறகு, சோளம், மாடு, பஸ். தேயிலை நுவரெலியாவிலோ எங்கேயோ விளைகிறது என்ற நினைப்பில் இருந்தேன்.

ஓகஸ்ட் 12, இரவு

சென்னையிலிருந்து வாசிக்கிற ஒருவர், கச்சான் காற்று என்றால் கடலை மணக்குமா என்று கேட்கிறார். இங்கே வேர்க்கடலைக்கும் கச்சான் என்றுதான் பெயர். காற்று வேறு, கடலை வேறு. ஆனால் வறுத்த கச்சானும் பிளேன்ரீயும் நல்ல சோடி, அதற்கு நான் உத்தரவாதம்.

ஓகஸ்ட் 25

தேயிலை வெள்ளைக்காரன் பழக்கிவிட்டது, அதில் நமக்கு என்ன பெருமை என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். பதில் எழுத இரண்டு வாரம் எடுத்தேன். இடையில் அக்காவோடு நிறையக் கதைத்தேன்.

வெள்ளைக்காரன் கொண்டுவந்தது உண்மை. 1867இல் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் நட்டதுதான் வியாபாரத்துக்கான முதல் தேயிலை. அதற்குப் பிறகு கோப்பிச் செடிகளை இலைநோய் அழிக்க, மலை எல்லாம் தேயிலை ஆனது. ஆனால் காட்டை வெட்டியது, நட்டது, பறித்தது, தூக்கியது எல்லாம் பெரும்பாலும் தமிழ் ஆட்கள். கோப்பிக் காலத்திலேயே மன்னாரில் இறங்கிக் காட்டுப் பாதையால் நடந்து வந்தவர்கள், வழியில் காய்ச்சலிலும் பசியிலும் செத்தவர்கள் போக மிஞ்சியவர்கள். 1948இல் அவர்களுடைய பிரசாவுரிமையைப் பறித்தார்கள். ஒரு நாள் சம்பளம் 1000 ரூபாய் ஆக 2021 வரைக்கும் போராட வேண்டியிருந்தது. தேயிலை நமக்கு அந்நியம் என்று அந்த மக்களைக் கிட்ட வைத்துக்கொண்டு நான் சொல்ல மாட்டேன்.

பதுளை அக்கா 1977இல் தமிழருக்கு எதிராக நடந்த கலவரத்தில் வந்தவ. அப்போது 17 வயது, இரண்டு வருடமாகக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவ. லயத்தை (தோட்டத்து வரிசை வீட்டை) எரித்ததும் தாயும் நாலு பிள்ளைகளும் இதே பதுளை வீதியால் இறங்கி வந்து கரடியனாற்றுப் பக்கம் குடியேறினார்கள். இத்தனை வருடமாக எங்கள் வீட்டுக்கு நெல் அவிக்க வந்து போகிறவ. தேயிலையைப் பற்றி நான் ஒரு வார்த்தை கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். படங்கு என்கிற சாக்குத் துணியை இடுப்பில் எப்படிக் கட்டுவது, மட்டக்கம்பு என்கிற மட்டம் பார்க்கும் தடியைச் செடிமேல் எப்படி வைப்பது, இரண்டு இலையும் ஒரு மொட்டும் எப்படி விரலில் ஒடிய வேண்டும் என்று காட்டினா. நகத்தால் கிள்ளக் கூடாதாம். பெருவிரலையும் சுட்டுவிரலையும் சேர்த்து ஒரு சின்னத் திருப்பு. முற்றத்தில் நின்ற செவ்வரத்தையில் செய்து காட்டினா. 47 வருடம் கழித்தும் கை அந்த வேகத்தில் போகிறது. இரண்டு கையும் தனித்தனியாக, பார்க்காமல்.

ஒரு கணக்குப் போட்டேன், கணக்கெழுதுகிறவன் பழக்கம். ஒரு கிலோத் தேயிலைக்கு ஏறக்குறைய நாலரைக் கிலோப் பச்சைக் கொழுந்து வேண்டும். ஒருவர் நாளுக்கு 18 கிலோ எடுக்கிறார் என்று வைத்தால் அது நாலு கிலோத் தேயிலை. ஒரு கிளாஸுக்கு இரண்டு கிராம் படி 2000 கிளாஸ். அக்காவிடம் சொன்னேன், நீங்கள் ஒரு நாளில் 2000 பேருக்குத் தேத்தண்ணி கொடுத்திருக்கிறீர்கள் என்று. அவ கொஞ்சம் யோசித்துவிட்டு, "அதுல ஒருத்தருங்கூட யாரு பறிச்சதுன்னு கேட்டிருக்க மாட்டாங்க" என்றா. எனக்குப் பதில் சொல்ல வரவில்லை.

2021இல் இரசாயனப் பசளையைத் திடீரென்று நிறுத்தியபோது நம் வயல் பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். தேயிலையும் அதே அடியைத்தான் வாங்கியது. 2021இல் 30 கோடிக் கிலோவுக்குக் கிட்ட இருந்த விளைச்சல் மறு வருடம் 25 கோடியாக விழுந்தது. அந்த நேரம் நான் நெல்லை மட்டும்தான் நினைத்தேன்.

செப்டெம்பர் 8

அம்மா தலைச்சுற்று என்று கிடந்தா, இரத்தத்தில் இரும்புச் சத்துக் குறைவாம். சாப்பாட்டோடு தேத்தண்ணி குடிப்பதை நிறுத்தச் சொன்னார்கள். நாவைப் பிடிக்கிற அதே துவர்ப்புத்தான் சாப்பாட்டில் உள்ள இரும்பையும் பிடித்து உடம்பில் சரியாகச் சேர விடாது. முருங்கையிலை சுண்டிச் சாப்பிட்டுவிட்டு உடனே பிளேன்ரீ குடித்தால் முருங்கையிலை வீண். ஒரு மணித்தியாலம் விடுங்கள். கர்ப்பிணிகள் இருக்கிற வீட்டில் இதைக் கட்டாயம் கவனியுங்கள். நான் இவ்வளவு புகழ்ந்து எழுதிவிட்டு இதைச் சொல்லாமல் விடுவது சரியில்லை.

இரவு எட்டு மணிக்குப் பிறகு குடித்தால் எனக்கு நித்திரை வராது. மனைவிக்கு வரும். ஆளுக்கு ஆள் வேறு.

ஒக்டோபர் 20

முந்தாநாள் இரவு நல்ல மழை. முதல் மழையை விட்டுவிட்டேன், கூரையில் மூன்று மாதத்துத் தூசி. நேற்று இரண்டாம் மழையில் முற்றத்து நடுவில், கூரைத் தண்ணீர் படாமல், அண்டாவை வைத்துப் பிடித்தேன். காத்தான்குடி நண்பரே, உங்களுக்காகத்தான்.

பசறைத் தேயிலை, மழைத் தண்ணீர், நாலு நிமிடம். கிளாஸை யன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தால் அடிவரை தெரிகிறது, செம்பருத்தி நிறம், ஓரத்தில் கிளாஸோடு சேருகிற இடத்தில் மெல்லிய மஞ்சள் வளையம். ஆடை இல்லை. தைல மணம் மூடியைத் திறக்கும்போதே வந்தது. துவர்ப்புக் கிணற்றுத் தண்ணீரில் வருவதை விடக் கூர்மை. முதல் வாயில் அதிகம் என்றே தோன்றியது, மூன்றாம் வாயில் சரியாகிவிட்டது. கருப்பட்டி எடுக்க மறந்துபோய் முழுவதையும் வெறுமையாகவே குடித்திருக்கிறேன், கிளாஸ் முடிந்த பிறகுதான் கவனித்தேன்.

அக்காவுக்கு ஒரு கிளாஸ் கொண்டு போனேன். மழைத் தண்ணீர் என்று சொல்லவில்லை. குடித்துவிட்டு, "எங்க ஊத்துத் தண்ணி மாதிரி இருக்கு" என்றா.

களுவாஞ்சிகுடிக்காரர் இன்று காலை எழுதியிருக்கிறார்: கந்தோரில் கொதிக்க வைப்பதை நிறுத்தச் சொல்லி மூன்று நிமிடக் கணக்கில் போட்டுக் குடித்தாராம். இன்னும் பிடிக்கவில்லை, ஆனால் முகத்தைச் சுளிக்கவில்லை என்கிறார். அவருடைய கிணறும் மணல் கிணறுதான். அண்டாவை வெளியே வையுங்கள், மழை இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. தகரத்தில் கிட்டத்தட்ட பத்துக் கரண்டி மிச்சம், தீபாவளிக்கு அக்கா பசறைக்குப் போய் வருவா. உங்களுக்கு ஒரு கைப்பிடி எடுத்து வைக்கிறேன், செங்கலடிப் பக்கம் வந்தால் வாங்கிக்கொண்டு போங்கள்.